பாதி மாத்திரை

அல்சூர், பெங்களூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷோபாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே இங்கே எங்கள் இருவர் நினைப்பும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அதனால் கடிதம். உன் தம்பி சுனிலுக்கு வேலை போய்விட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் டாக்டர் ஜோசஃபின் அவனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்று கண்டறிந்து மாத்திரை எழுதிக்கொடுத்தது உனக்குத் தெரியும். ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தான். தனக்கு மறந்துபோகும் என்று தினமும் காலையில் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டான். வைட்டமினோடு சேர்த்துச் சின்னக் கிண்ணத்தில் வைப்பேன், போனைப் பார்த்தபடியே வாயில் போட்டுக்கொள்வான். ஆனால் மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். அம்மா டப்பாவைத் திறந்து, ‘பாருங்க, ஒரு வாய்கூட தொடல, அந்த மாத்திர புள்ளையவே தின்னுது’ என்பாள். மருந்துக்கடைக்காரர் வேறு ஒருநாள், ‘சார், இது போத லிஸ்ட்ல இருக்கற ஐட்டம், சீட்டு இல்லாம நீங்க அழுதாலும் தரமாட்டேன்’ என்று சிரித்தார். எனக்கு அன்று பிடித்த பயம் விடவில்லை. அவனைக் கேட்கத் தைரியம் இல்லை, டாக்டரைக் கேட்கக் கூச்சம். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்த்தவன் நான், எதையும் படிப்படியாகக் குறைத்தால் ஆபத்தில்லை என்று நானே தீர்மானித்து, மாத்திரையைப் பிளேடால் பாதியாக நறுக்கிக் கொடுக்கத் தொடங்கினேன். கோணாமல் இருக்க ஸ்கேல்கூட வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து காலையில் நெஞ்சு படபடக்கிறது என்பான், மத்தியானத்துக்கு மேல் கல் மாதிரி உட்கார்ந்திருப்பானாம். ஒருநாள், ‘மூணு மணிக்கு மேல எதுவுமே வேணும்னு தோணலப்பா. முடிச்சா என்ன, முடிக்கலன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்’ என்றான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் ஆபீசில் ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். ஒரு வேலையை முடித்தால் பலன் உண்டு என்று மூளை முன்கூட்டியே ஒரு ருசி காட்டுகிறது, அதனால்தான் சலிப்பான வேலையிலும் நாம் உட்காருகிறோம். இவனைப் போன்ற பலருக்கு உடனே கிடைப்பதில்தான் அந்த ருசி எழும், தள்ளியிருக்கும் பலனுக்கு எழுவது குறைவு. மாத்திரை மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கூட்டி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார். பிறகு, முழு அளவு கொடுத்தும் பலன் இல்லையென்றால் வரும் வியாழக்கிழமை திரும்ப வரும்போது அளவைக் கூட்டிவிடலாம் என்றார். சுனில், ‘மாத்திரகூட என்கிட்ட தோத்துப்போச்சு டாக்டர், நான் பொறந்ததுலேர்ந்தே சோம்பேறி’ என்று சிரித்தான். பக்கத்து நாற்காலியில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்தாம், உடைத்தால் காலையிலேயே மொத்தமும் இறங்கிவிடுமாம். மறுநாளிலிருந்து முழு மாத்திரைதான் கொடுக்கிறேன். நறுக்கியதும் நிறுத்தியதும் யாருக்கும் தெரியாது. இதற்கு மேல் அளவையும் கூட்டினால் அவன் நெஞ்சு என்ன ஆகும்?

நீயே அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். தபால் உன் கைக்கு வரப் பதினைந்து நாளாகும், வியாழக்கிழமையோ நாளை மறுநாள். இந்தக் கணக்கு தெரியாமலா தொடங்கினேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நான்தான் சொல்ல வேண்டும்.

பாப்பா நன்றாக வளரட்டும், நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருங்கள். தம்பியோடு வாரம் ஒருமுறையாவது பேசு, மறந்துவிடாதே. என்னைப் பற்றி அவன் என்ன சொன்னாலும் மறுக்காதே.

உன் அப்பா,
பச்சைமுத்து

உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்று நின்றேன். எத்தனை நாள் என்று மட்டும் கேட்டான். முப்பத்தெட்டு என்றேன். ‘அப்ப அது நான் இல்லையாப்பா’ என்று கேட்டான். இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான்.