எங்கள் தோப்புப் பனைகள்

சித்திரை, செவ்வாய் இரவு.

அண்ணனைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. காலையில் கள்ளுக்கடை மறியலில் அவர் பேசினார், பெண்கள் கை தட்டினார்கள். கடைக்காரனின் ஆள் தள்ளியதில், மறியலில் நின்ற நாச்சாயிக்கு மண்டை உடைந்தது. அந்தக் கடைக்குக் கள் போவதோ எங்கள் தோப்புப் பனைகளிலிருந்து.

மதியம் சோறு போடும்போது கேட்டேன். “நம்ம பனையில கலயம் தொங்குதுங்களே, அண்ணா?”

“குத்தகை இந்தக் கோடையோட முடியுது. அதுவரைக்கும் வாயை மூடு, கண்ணு” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

சாயங்காலம் மருந்தோடு நாச்சாயி வீட்டுக்குப் போனேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“ஊருக்கே தெரியுமுங்க, அம்மிணி. உங்கண்ணன் பேச்சைக் கேட்டா நாங்க வந்தோம்? எம்மவன் குடிச்சே செத்தானுங்க. நாளைக்கு விடியறப்ப உங்க தோப்புலதான் நிக்கப் போறோம். வாரீங்களா?”

வருகிறேன் என்றேன்.

பக்கத்து அறையில் அண்ணன் அடுத்த கூட்டத்துப் பேச்சை உரக்கச் சொல்லிப் பார்க்கிறார். தியாகம் என்று வரும்போதெல்லாம் குரலை நடுங்க வைக்கிறார். நன்றாகத்தான் நடுங்குகிறது. நாளை காலை தோப்பில், எங்கள் எதிரில் நின்று அதே சொல்லைச் சொல்லட்டும்.