அவர் சாப்பிட்ட பிறகு

ஜூன் 9, திங்கள்

வெயில். ஹாலில் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ள நர்சுகளுக்குத் தனிப் பயிற்சி, கள்ளக்குறிச்சியில். நடத்துவது சென்னை மேடம். காலை டிபன் பொங்கல். உப்பு ஜாஸ்தி.

பெயர் கொடுத்தபோது வார்டில் கேட்டார்கள்: "வூட்லயே ஒரு கேஸ் வச்சிக்கினு உனக்கு எதுக்குடி ட்ரெயினிங்?" கேஸ் என்றால் என் அம்மா. மணலூர்பேட்டையில், அண்ணன் வீட்டில். இந்த வாரம் நானும் அங்கேதான், தினமும் பஸ்.

போனதும் அண்ணி: "இன்னிக்கும் வாயத் தொறக்கல கலா. தட்டத் தட்டி வுட்டுட்டாங்க." தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனான். சனிக்கிழமை வரை பார்ப்பாராம். சாப்பிடாவிட்டால் மூக்கில் ட்யூப்.

"நீயே போட்டுடுவ இல்ல?" என்றான் போனில்.

போடுவேன். எத்தனையோ பேருக்குப் போட்டாயிற்று. பிடுங்குவார்கள், அதனால் கையைக் கட்டிலோடு கட்டுவோம். அம்மா கையையும் கட்ட வேண்டி வரும். அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

வாங்க: சோப்பு. டயப்பர், பெரிய சைஸ். ரீசார்ஜ்.

ஜூன் 11, புதன்

இன்று வகுப்பில் நடிப்பு. ஜெயாதான் நோயாளி. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் நர்ஸ் அவள். நாங்கள் சுற்றி நின்று, "ஒரே ஒரு வாய் சாப்புடுங்கம்மா." வாயை இறுக்கிக்கொண்டாள். ஏன் என்று மேடம் கேட்டார்.

"பசிதான் மேடம். எல்லாரும் சாப்புடாம நின்னுக்கினு இருந்தா எப்பிடி எறங்கும்? எங்க வூட்ல ஆம்பளைங்க சாப்புடாம நான் வாய்ல வச்சதே இல்ல."

சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "இதான் இன்னிக்குப் பாடம். அவங்க எப்படி வாழ்ந்தாங்களோ அப்படித்தான் சாப்பிடுவாங்க."

பஸ் முழுக்க அதே நினைப்பு. அப்பாவுக்கு முன்னால் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர் எழுந்த தட்டிலேயே போட்டுச் சாப்பிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா போனபிறகு முதல் சோறு அம்மாவுக்குத்தான், பிறகுதான் நாங்கள். நாங்கள் கொடுக்கிற மரியாதை அது.

ஜூன் 12, வியாழன்

பஸ் லேட். தலைவலி.

"நீ மொதல்ல சாப்புடுண்ணா. அம்மா எதிர்லயே."

"இன்னா வெளாட்றியா? பெத்தவ பட்டினி கெடக்குறா, அவ எதிர்ல நான் துன்றதா?" ஒரே கத்தல். அண்ணிதான், "அது சொல்றதத்தான் கேளுங்களேன்" என்றாள்.

உட்கார்ந்தான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதியில் எழுந்துவிட்டான், தொண்டையில் இறங்கவில்லையாம். அவன் தட்டை அம்மா தன் பக்கம் இழுத்தாள். மீதிச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. வழித்துச் சாப்பிட்டாள்.

அண்ணன் கொல்லையில் போய் நின்றான். "எச்சித் தட்டு கலா," என்றான். அவன் அழுதான். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

தூறல். காலையிலும் அதே மாதிரி சாப்பிட்டாள். சாப்பிடுகிறவரை ட்யூப் வேண்டாம் என்றார் டாக்டர்.

வகுப்பில் சொன்னேன். கை தட்டினார்கள். யாருக்கோ தட்டுகிற மாதிரி இருந்தது. ஜெயா மலையிலிருந்து பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். நல்ல இனிப்பு.

ஜூன் 14, சனி

பயிற்சி முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். மணலூர்பேட்டை போனால் கிணற்று மோட்டார் எரிந்துகிடக்கிறது. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் போய்விட்டான், கடைக்காரன் இன்னும் சரிபண்ணித் தரவில்லையாம். மத்தியானம் அம்மா வாயைத் திறக்கவில்லை. "இனிமே தெனம் இவருக்காவ காத்துக்கினு இருக்க முடியுமா?" என்றாள் அண்ணி. முடியாது. அப்புறம் ட்யூப்தான்.

அடுப்படியில் நின்று ஒரு தட்டில் பாதியை நானே தின்றேன். மீதியை அம்மா முன்னால் வைத்தேன்.

"அவரு சாப்ட்டாரும்மா. நீ சாப்புடு."

தட்டையே பார்த்தாள். "கழனிக்குப் போயிட்டாரா?"

"போயிட்டாரு."

சாப்பிட்டாள். கடைசிப் பருக்கை வரை. வாயைத் துடைத்துவிட்டேன். ஈரக் கையால் என் முகத்தை வழித்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ. உன்னப் பெத்த மகராசி நல்லா இருக்கணும்."

"நல்லா இருப்பாங்கம்மா," என்றேன்.