துபாய் மெடிக்கல்ல ஃபிட் ஆன காக்காவுக்கு

என் கூடப் பிறந்த ஆசைக் காக்காவுக்கு, உங்க வாயாடித் தங்கச்சியோட சலாம்.

இன்னிக்கு மத்தியானம் ஷார்ஜா ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்துச்சு. என் மவளோட ரத்தப் பரிசோதனை முடிவு. கிருமி இல்லையாம், எதிர்ப்புச் சக்தி நல்லா வந்திருக்காம். அடுப்பை அணைச்சுட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு. உங்க நம்பர் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. ஆனா இப்போ அது வேற யாருக்கோ போயிருச்சு, வாட்ஸ்அப் படத்துல ஒரு குதிரை நிக்குது. அதனால எழுதுறேன்.

கோபத்தோடதான் எழுதுறேன், முதல்லயே சொல்லிடுறேன். போற வயசா காக்கா இது? தாடியில ஒரு வெள்ளை முடி வந்ததுக்கே கண்ணாடி முன்னாடி நின்னு புலம்புன ஆளு நீங்க. பசி இல்ல, வயிறு உப்புதுன்னு சொல்லிச் சொல்லி, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு நீங்களே முடிவும் பண்ணிக்கிட்டீங்க. துபாய் தேராவுல இருந்த கடையைக் கூட்டாளிகிட்ட விட்டுட்டு டாக்டரைப் பாக்கப் போனப்போ ஈரல்ல புற்று முத்திப் போயிருந்துச்சு.

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா அந்த உசரமான கட்டடங்களைப் பாத்துக்கிட்டே கேட்டீங்க, இவ்வளவு கட்டுறானுங்களே, கேன்சருக்கு ஒரு ஊசி கண்டுபிடிக்க முடியலையான்னு. நான் சிரிச்சு மழுப்பினேன். அப்போ எனக்கும் தெரியாது காக்கா. உங்களுக்கு வந்த இந்தக் கேன்சருக்கு ஊசி இருக்கு. அது பிறந்த அன்னிக்குப் போடுற ஊசி. நீங்க பிறந்தப்போ அது நம்ம ஊரை எட்டிக்கூடப் பாக்கல.

ஹெபடைடிஸ் பி-ன்னு டாக்டர் சொன்னப்போ எங்கயோ கேட்ட பேரா இருக்கேன்னு நீங்கதான் சொன்னீங்க. ஜித்தாவுல ஷரஃபியாவுல சாச்சா கடைக்கு வேலைக்குப் போறதுக்காகச் சென்னையில மெடிக்கல் எடுத்தீங்களே, அப்போ அன்ஃபிட்டுன்னு திருப்பி அனுப்புனது இந்தப் பேரைச் சொல்லித்தான். ஊருக்கு வந்து செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டீங்க. யாரு வந்து கேட்டாலும் விசா லேட்டாகுதுன்னு சொல்லச் சொன்னாங்க உம்மா.

அப்புறம் துபாய் வாய்ச்சது. இங்க வந்து விசா அடிக்க மெடிக்கல் எடுத்தீங்க, ஃபிட்டுன்னு வந்துச்சு. உம்மா வட்டலப்பம் செஞ்சு தெருவுக்கே கொடுத்தாங்க. சென்னையில எவனோ ரத்தத்தை மாத்திட்டான், துபாய்க்காரன் தப்பாச் சொல்லுவானா என்ன, அப்படின்னு வீட்டுல ஒரே பேச்சு. விசா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபிட்டு. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிக்கங்கன்னு உங்க வீட்டுக்காரி, என் மச்சி, சொன்னப்போகூட, அரசாங்கமே ஃபிட்டுங்குது, நீ என்ன பெரிய டாக்டரான்னு கேலி பண்ணியிருக்கீங்க.

வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கும் சலூன்ல வேலை பாக்குறவங்களுக்கும்தான் இங்க அந்தக் கிருமியைத் தேடிப் பாப்பாங்களாம். கடை வச்சிருக்கவங்களுக்குப் பாக்குறதில்லையாம். உங்க ரத்தத்துல அதை யாரும் தேடவே இல்ல காக்கா. விசாவுக்குக் கொடுத்த ஃபிட்டை உடம்புக்குக் கொடுத்ததா நாம எல்லாரும் நினைச்சுக்கிட்டோம். கல்ஃப்ல இருக்க நம்ம ஆளுங்க எத்தனை பேரு இன்னிக்கும் இப்படி நினைச்சுக்கிட்டுத் திரியிறாங்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

உங்களைக் கிஸைஸ் மையவாடியில அடக்கினாங்க. ஊருல உம்மா ஃபோன்லதான் உங்க முகத்தைப் பாத்தாங்க, நெட்டு விட்டு விட்டு வந்துச்சாம். அந்த நிமிஷத்துலருந்து அவங்களுக்கு ஒரே கேள்வி. என் புள்ளைக்கு இது எங்கேருந்து வந்துச்சு? அவங்களே ஒரு பதிலும் கண்டுபிடிச்சுட்டாங்க. துபாய் மெடிக்கல்ல ஃபிட்டு வந்த புள்ள. அப்போ இல்லாத நோய் அதுக்கப்புறம்தானே வந்திருக்கணும்? அதுக்கப்புறம் நடந்தது கல்யாணம்தானே?

புரியுதா காக்கா? பழியைத் தூக்கி மச்சி தலையில வச்சாங்க.

மச்சி கல்யாணத்துக்கு முன்னாடி பல் டாக்டர் கிளினிக்ல வேலை பாத்தவங்க இல்லையா, அது போதாதா. நாலு பேரு வாயில கையை விட்டவ, அங்கேருந்து கொண்டாந்து என் மவனுக்குக் கொடுத்துட்டான்னு, துக்கம் கேக்க வந்த பொம்பளைங்ககிட்ட சொன்னாங்க. மச்சிக்கு டெஸ்ட் எடுத்தா ஒண்ணுமே இல்ல. அந்தக் கிளினிக்ல வேலைக்குச் சேந்தப்பவே தடுப்பூசி முழுசாப் போட்டிருந்திருக்காங்க, உங்களோட அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அதுதான் காப்பாத்தியிருக்கு. உங்க மகனும் தப்பிச்சான், அவன் பிறந்தப்போ ஊசி வந்துருச்சே. உம்மா அதையும் திருப்பிப் போட்டாங்க. பாத்தியா, முன்னாடியே தெரிஞ்சிருக்கு, தனக்கு மட்டும் போட்டுக்கிட்டா. புருஷனைப் பறிகொடுத்துட்டு இத்தா இருக்குற பொம்பளை காதுல விழுற மாதிரி இதைப் பேசினாங்க. மச்சி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. நானா இருந்தா சொல்லியிருப்பேன்.

உம்மாவையும் என்னையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி உங்க டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்னு உம்மா மறுத்துட்டாங்க. நான் எடுக்கிறதுக்குள்ள வயித்துல புள்ள தங்கிடுச்சு. இங்க மாசமா இருக்கவங்களுக்கு அதை எப்படியும் பாத்துடுவாங்க. எனக்கும் இருந்துச்சு காக்கா. உங்களுக்கு இருந்த அதே கிருமி.

டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. கூடப் பிறந்த ரெண்டு பேருக்கும் இருந்தா அனேகமா அது தாய்கிட்டேருந்து பிரசவத்துல வந்திருக்கும், அந்தத் தாய்க்கே அது தெரியாமலும் இருக்கும்னு சொன்னாங்க. வெளியில வந்து கார்ல உட்கார்ந்தப்போ, புள்ளையைக் காப்பாத்திடலாம்னு சொல்றாங்களே, ஏன் இப்படி அழுறேன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். நான் என் புள்ளைக்காக அழல. உம்மாகிட்ட இதைச் சொன்னா உம்மா உடைஞ்சு போயிடுவாங்க. சொல்லலன்னா மச்சி சாகுற வரைக்கும் புருஷனைக் கொன்னவ. யாரை விடுறது, சொல்லுங்க? நீங்க இருந்தா உங்ககிட்ட தள்ளிவிட்டிருப்பேன்.

பிரசவத்துக்கு உம்மா விசிட்ல வந்தாங்க. பெட்டி நிறைய பெருங்காயமும் பூண்டும் பிரசவ லேகியமும். நான் தினமும் கிருமிக்கு ஒரு மாத்திரை முழுங்குறதைப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க, சத்து மாத்திரைன்னேன். சாப்பிடும்போது, தொழுதுட்டு எழும்பும்போது, எப்பப் பாத்தாலும் மச்சியைப் பத்தியே பேச்சு.

மவ பிறந்தா. அவ வாப்பா அவ காதுல பாங்கு சொல்லி முடிச்சதும் உம்மா கையில வாங்கிக்கிட்டாங்க, மூக்கு உங்க மூக்குன்னாங்க. அப்போ மலையாளத்து நர்ஸ் ரெண்டு ஊசியோட உள்ள வந்தாங்க. உம்மா புள்ளையோட அப்படியே சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பச்ச மண்ணு, கண்ணையே தொறக்கல, அதுக்குள்ள ரெண்டு ஊசியா, ஏன் என்ன அவசரம்னு ஒரே பிடிவாதம். நர்ஸ் என்னைப் பாத்தாங்க, சொல்லலாமான்னு கேக்குற மாதிரி. நான் தலையாட்டினேன்.

அந்தப் புள்ள மலையாளத்துல மெதுவாச் சொல்லுச்சு. உம்மாவுக்கு மலையாளம் நல்லாப் புரியும், உங்களுக்குத் தெரியாததா. தாய்க்கு இந்த நோய் இருந்தா பிரசவத்துல குழந்தைக்குப் போகும், பிறந்த உடனே இதைப் போட்டா தடுத்துடலாம், தள்ளிப் போட்டா கஷ்டம்னு சொல்லுச்சு. அந்தக் காலத்துல இது இல்லாததால நிறையப் பேருக்கு அம்மாகிட்டேருந்துதான் வந்துச்சு, வளர்ந்து பெரிய ஆளாகுற வரைக்கும் ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்லுச்சு. உம்மா முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். திரும்பிப் புள்ளையை நர்ஸ்கிட்ட நீட்டினாங்க.

"போடும்மா. சீக்கிரம் போடு."

ரெண்டு தொடையிலயும் போட்டாங்க. மவ வீறிட்டு அழுதா. நர்ஸ் போனதும் உம்மா என் கட்டில்ல வந்து உட்கார்ந்து என் கையைப் பிடிச்சாங்க.

"உன் காக்காவுக்கும் இப்படித்தானா?"

இல்லன்னு சொல்லியிருக்கலாம் காக்கா. வாய் வரைக்கும் வந்துச்சு. ஊருல தனியாக் கெடக்குற மச்சியை நினைச்சேன். "ஆமா உம்மா"ன்னு சொல்லிட்டேன்.

அவங்க அழல. அழுதிருந்தா நல்லாருந்திருக்கும். தனக்கு டெஸ்ட் எடுக்கணும்னு அவங்களே கேட்டாங்க. கிருமி இருந்துச்சு. ஈரல் இதுவரைக்கும் நல்லாருக்கு, அப்பப்போ பாத்துக்கிட்டாப் போதும்னு டாக்டர் சொன்னதைக் காதுலயே வாங்கல. எனக்குக் கொடுக்காம அவனுக்கு ஏன் அல்லாஹ் அந்தப் புற்றைக் கொடுத்தான்னு மட்டும் கேட்டாங்க. இதுக்கு உங்ககிட்டயாவது பதில் இருக்கா?

உங்க ரூம் ஆளுங்க எல்லாரையும் என் வீட்டுக்காரர் விரட்டி விரட்டி டெஸ்ட் எடுக்க வச்சார். விசா போயிரும்னு முதல்ல ஒருத்தனும் அசையல, உங்களுக்காக யாசீன் ஓதுற அன்னிக்கு உங்க பேரைச் சொல்லித்தான் இழுத்துட்டுப் போனார். ஒருத்தருக்கு இருந்துச்சு, இப்போ மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா வேலைக்குப் போறார். மத்தவங்க தடுப்பூசி போட்டுக்கிட்டாங்க. எங்க பில்டிங்ல கீழ விளையாடுற புள்ளைங்களைப் பாக்குறேன். எகிப்துக்காரி புள்ள, பாகிஸ்தான்காரர் பேரன், பிலிப்பினோ, மலையாளி, எல்லாரும் பிறந்த கையோட இதைப் போட்டுக்கிட்டதுங்கதான். நர்சரியில சேக்கும்போதே ஊசி கார்டைக் கேக்குறாங்க. இந்தப் புள்ளைங்க பெருசாகும்போது உங்களை மாதிரி போறவங்க ரொம்பக் கொறைஞ்சு போயிடுவாங்களாம், டாக்டரம்மா சந்தோஷமாச் சொன்னாங்க. சந்தோஷமான சேதிதான். எனக்குத்தான் அதைக் கேட்டதும் நெஞ்சு எரிஞ்சுச்சு. நமக்கு மட்டும் ஏன் பிந்திப் போச்சு?

உம்மா ஊருக்குத் திரும்புறதுக்கு முந்தின நாள். மச்சிக்குப் போட்டுக் கொடுன்னு ஃபோனை எங்கிட்ட நீட்டினாங்க. நீங்க போனதுலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மச்சி எடுத்து சலாம் சொன்னதும் உம்மா ஃபோனைக் கையில வாங்கிக்கிட்டாங்க, ஸ்பீக்கர்ல அந்தப் பக்கம் மச்சி ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க.

"என் புள்ளைக்கு நான்தாம்மா கொடுத்தேன். நீ இல்ல. நான்."

மச்சி ஃபோனை வச்சுடுவாங்கன்னு நினைச்சேன். வச்சிருந்தா அதுலயும் தப்பில்ல. அவ்வளவு பேசியிருக்காங்களே உம்மா.

"மாமி, நீங்க பெத்தீங்க. அவ்வளவுதான் செஞ்சீங்க."

அப்போதான் உம்மா அழுதாங்க காக்கா. உங்களுக்காக அழ வேண்டிய அழுகை அத்தனையும் அன்னிக்கு அழுதாங்க. ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு, இங்க உம்மாவும் அங்க மச்சியும், நடுவுல நானும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தர்றேன். துக்கம் கேக்க வந்து மச்சியைப் பத்தி உம்மா சொன்னதைக் கேட்டுட்டுப் போனாங்களே, அந்தப் பொம்பளைங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நான் ஊருக்கு வந்ததும் போவேன். கூட மச்சியைக் கூட்டிட்டுப் போவேன். உம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு என்ன நோய், எப்படி வந்துச்சு, எந்த ஊசி அதைத் தடுத்திருக்கும்னு கூச்சப்படாமச் சொல்லுவேன். அங்க மாசமா இருக்க பொண்ணு இருந்தா டெஸ்ட் எடுக்க வச்சுட்டுத்தான் எழும்புவேன். உம்மாவோட டெஸ்ட்டுக்கும் என் டெஸ்ட்டுக்கும் நாள் தவற விடமாட்டேன். எனக்கு நீங்க ஒருத்தர் போனது போதும்.

உங்க மூக்கோட ஒருத்தி இங்க தவழுறா, அவளுக்கு மாமா நீங்க.

உங்களோட ஒரே வயித்துல பிறந்த,
உங்க தங்கச்சி