யோசப்பினின் காதுக்கு ஒரு கண்டன்சர்

12.7.1992, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பெட்டியைச் செய்து முடித்தேன். பழைய ரேடியோவில் கழற்றிய ரான்சிஸ்டர்கள், ஒரு பிஸ்கற் தகரப்பேணி. கிற்றார் ஒலியை இது கரகரவென்று பெருக்கவேண்டும். கரண்ட் இல்லாத ஊர். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மேலே ஏறி மிதித்தால் டைனமோ கரண்டில் பெட்டியும் அதோடு இணைத்த அம்பிளிபயரும் வேலை செய்கின்றன. மிதித்தபடியே வாசித்தேன். ஒரே கீச்சு! தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல. என் மனைவி யோசப்பின் தன் காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

14.7

பங்குனியில் எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்த நாளிலிருந்து அவளுக்குக் காதில் இரைச்சல். கோவிலில் பாடுவதையும் விட்டுவிட்டாள். நான் வாசிக்க அவள் பாடித்தான் எங்கள் கலியாணமே நடந்தது. இப்போது அவளை நோகடிக்கும் சாமானை நானே செய்து வைத்திருக்கிறேன். மடையன்.

15.7

பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

19.7, ஞாயிறு

வெறுங்கிற்றாரை மெல்ல வாசித்தேன். பக்கத்தில் வந்து இருந்தாள். எனக்குப் பெரிய சந்தோசம். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"எங்கையப்பா அந்தப் பெட்டி?"

"உமக்கு நோகுதெண்டு கழட்டிப்போட்டன்."

"நொந்தாலும் அதிலைதான் உங்கடை வாசிப்புக் கேட்டது. இப்ப விரல் ஓடுறது மட்டும்தான் தெரியுது."

கடவுளே! இத்தனை நாளும் என் வாயசைவைப் பார்த்துத்தான் கதைத்திருக்கிறாளா? ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு ஏன் விளங்கவில்லை? நான் அழ, அவள் என்னைத் தேற்றவேண்டியதாயிற்று.

22.7

ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலை அவளுடைய அடுப்பிலேயே காய்ச்சி, ஒலி வெளியே போகும் கம்பிக்கும் பேணிக்கும் இடையில், கீச்சை மட்டும் வடித்தெடுக்க ஒரு கண்டன்சர் ஒட்டினேன். பெரியதாகிவிட்டது. கீச்சோடு பாட்டும் போய்விட்டது.

"போர்வைக்குள்ளை இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாள். சிரித்தாள்!

24.7

இன்னும் சின்னது. ஒட்டுவதும் கழற்றுவதும். சோறு அடிப்பிடித்ததற்கு என் சூட்டுக்கோல்தான் காரணமாம்.

26.7, ஞாயிறு

பின்னேரம் மிதித்தேன், வாசித்தேன். கரகரப்பு நன்றாக எழும்புகிறது, கீச்சு அடங்கிவிட்டது. யோசப்பின் தன் கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பார்த்த சந்தோசத்தில் எனக்கு விரல் தடுமாறியது.

சட்டென்று கண்ணைத் திறந்து முகத்தைச் சுளித்தாள். பயந்துபோய் மிதிப்பதை நிறுத்தினேன்.

"நோகுதோ?"

"இல்லையப்பா. அந்த இடம் பிழை. திரும்ப வாசியுங்கோ."