கெட்டி மெழுகா, இளக்க மெழுகா?

என் பத்மா,

போன இடத்திலும் யாருடனாவது வாதாடிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே எனக்குத்தான் ஆளில்லை.

நம் லேபுக்கு வழக்கமாக வரும் மெழுகு நின்றுவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சதைத்துண்டை உள்ளே பதித்து மெல்லிய சீவலாக வெட்டுவோமே, அந்த மெழுகுதான். பதிலுக்கு இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்று சீக்கிரம் உருகுகிற இளக்கம், மற்றது கெட்டி. என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார் டாக்டர். "திருவனந்தபுரத்துச் சூட்டுக்குக் கெட்டிதாண்டி" என்பாய் நீ. கெட்டியில் மெல்லிய சதை உதிர்ந்துவிடும் என்பேன் நான். எத்தனை வருஷச் சண்டை!

அந்த வாரம்தான் உன் மகள் ரம்யா மார்பில் கட்டியென்று வந்தாள். ஊசியால் எடுத்த, நூல் போன்ற துண்டு. வீணானால் மறுபடி குத்த வேண்டும். "சித்தி, நீங்களே பண்ணுங்கோ. அம்மாவுக்கு வந்ததுதானா இதுவும்?" என்றாள்.

சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் துண்டு ஓரிரு நாள் பொறுக்கும். அதற்குள் நம் வழக்கப்படி ஆட்டீரலில் மெழுகைச் சோதிக்கலாம் என்று சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். வலியசாலை அக்ரகாரத்துப் பெண் நீ, மூக்கைப் பொத்திக்கொண்டு ஈரல் வாங்குவாயே, அதே கடை. நீ இல்லை என்று கேட்டதும் கடைக்காரர் கலங்கிப்போனார். "சேச்சி கஷ்டப்படண்டா" என்று, சமையலுக்கென்று நினைத்து, ஈரலைக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிசைந்தே கட்டிக்கொடுத்துவிட்டார்! லேபில் பொட்டலத்தைப் பிரித்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பப் போய் வேறு வாங்கினேன்.

காலையில் இளக்க மெழுகு சொன்ன பேச்சைக் கேட்டது. மதியப் புழுக்கத்தில் சீவல் சுருங்கிக் குழைந்தது. கெட்டியோ நாடா போல நீளமாக வந்தது, ஈரலும் உதிரவில்லை. ஏன் உதிரவில்லை? மெழுகில் ஏதாவது சேர்க்கிறார்களா, அல்லது இத்தனை நாளும் நான்தான் தவறாக நினைத்தேனா? உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

ரம்யாவின் துண்டைக் கெட்டியில் பதித்தேன். ஒரு சீவல்கூடக் கிழியவில்லை. மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்த டாக்டர், "பேடிக்கண்டா கிரேஸ், பயம் வேண்டா, கேன்சர் அல்ல" என்றார். வெறும் கட்டிதான், பத்மா. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இனி வருஷாவருஷம் அவளைப் பரிசோதனைக்கு நானே கூட்டிவருவேன். அவள் தள்ளிப்போட்டால், லேபிலேயே வேலை பார்த்துக்கொண்டு உன் கட்டியை எங்களிடம் மாதக்கணக்கில் மறைத்தாயே, அதைச் சொல்லிவிடுவேன். நீ கோபித்துக்கொண்டாலும் சொல்வேன்.

உன் மகளுக்குச் சித்தி,
கிரேஸ்