பொட்டு அழியாத கார்டு

பிருந்தா அப்பாவுக்கு,

சொதியைப் பைய சூடாக்குங்கள், கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும். இஞ்சித் துவையல் பக்கத்திலேயே மூடியிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

சிங்கப்பூரில் எனக்கு வாட்ச் வாங்கப் போனேன் என்றீர்கள். "கடைக்காரன் கிரெடிட் கார்டை மிஷின்ல தேய்தேய்னு தேச்சான், மிஷின் எடுக்கவே மாட்டேன்னுட்டு, அதான் வாங்கல" என்றீர்கள். நம்பினேன்.

காலையில் துவைக்க எடுத்த சட்டைப்பையில் கார்டு, உறையோடு கிடந்தது. நீங்கள் புறப்பட்ட அன்று பிள்ளையார் முன்னால் வைத்து, அதன் கறுப்புக் கோட்டின் மேலேயே நான் இட்ட சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்கின்றன. மிஷினில் தேய்த்தால் பொட்டு அழியாதா?

சித்ரலேகா

ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை: அந்த ஊரில் கார்டைத் தேய்க்கப் பயந்துபோய் வெளியே எடுக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், சிரிக்க மாட்டேன். என்னை மறந்துதான் போனீர்கள் என்றால், நான் சாயங்காலம் வருவதற்குள் இதைவிட நல்ல பொய்யாக ஒன்று யோசித்து வையுங்கள்.