அறுநூறு முதுகுகள்

அன்புள்ள பேரனுக்கு,

அன்றைக்குக் கால்பந்து மைதானத்தின் வடக்கு கேலரியில், எங்கள் வரிசையில் இருந்தவர்கள் இவர்கள்தான். படிக்கட்டை ஒட்டி, என் மடக்கு நாற்காலியில் நான். எனக்கு அடுத்து உன் அப்பா. அவனை ஒட்டி உன் தங்கை, அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு அப்பால் பஸ் டிரைவர், நாமெல்லாம் ஹாரன் என்று கூப்பிடுகிற அந்தத் தடியன். கடைசியில் மருந்துக்கடைக்காரர். உன் அம்மா வரவில்லை. உன்னைத் திட்டுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்தி அதற்குள் ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் அறுநூறு பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் பாதிப் பேரை இப்போதும் அடையாளம் சொல்வேன்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கே வரி. நீ கோல் போட்டுவிட்டு எங்கள் பக்கம் ஓடி வந்தபோது, எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க, ஒரே ஓர் ஆள் திரும்பிக் கை தட்டினார். உயரமான ஆள், சாம்பல் நிறக் கோட்டு. வெயில் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. அது அப்பாவா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம் என்றால் அப்பாவின் போனை எடுப்பேன், இல்லை என்றால் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்திருக்கிறாய்.

உன் தங்கை தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். என் எழுத்து கோணலாக இருக்கும், அங்கங்கே பிழையும் இருக்கும். ஆனால் நான் சொல்வதை இன்னொருத்தர் கையில் கொடுத்தால் இஸ்திரி போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் வரும். பொறுமையாகப் படி.

எல்லாம் நம் சலவைக்கடையில்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் திங்கள் காலையில் உங்கள் டீம் சட்டைகள் மூட்டையாக வந்து இறங்கும். உன் அப்பா மூட்டையைப் பிரித்து, ஆட்டத்துக்கு வந்தவன் வராதவன் எல்லோருக்கும் சட்டையை வைத்தே ஆட்டத்தைச் சொல்வான். பின்வரிசைக்காரன் சட்டையில் முழங்கை வரை சேறு. முன்வரிசைக்காரன் சட்டை வெள்ளை வெளேர் என்று இருக்கும். இதைத் துவைக்காமலே மடித்துக் கொடுத்துவிடலாம், போட்டவன் வேலையே செய்யவில்லை என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

உங்கள் பயிற்சியாளருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தது ஹாரன். பத்துப் பேரைப் பின்னால் நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் என்று. மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் அவருக்காகப் பேசுவார். இதற்கு முன்னால் இருந்தவர் அழகாக ஆடவைத்தார், அழகாக ஐந்து ஐந்தாக வாங்கினோம், இவர் வந்த பிறகுதான் முதல் பிரிவில் நிலைத்தோம், தோற்காமல் இருப்பதும் ஒரு திறமைதான் என்பார். ஏழு ஆட்டமாக ஒரு கோல் வாங்கவில்லை என்று விரலை மடக்கிக் காட்டுவார். உன் அப்பா இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்துவிட்டு, ஏழு ஆட்டமாக ஒரு கோல் போடவும் இல்லையே என்பான். "தோத்தாலும் பார்க்கிற மாதிரி தோக்கணும்யா. வாரம் பூரா ஆவியில வெந்துட்டு, இவனுங்க பந்தை மேல தூக்கி அடிக்கிறதைப் பார்க்கவா நான் வர்றேன்?"

என்னைக் கேட்டால் நான் தாழ்ப்பாள் பக்கம். கூரை ஒழுகுகிற வீட்டில் நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். முதலில் வாளியைத் தேடி வைத்தேன், சுவருக்கு வர்ணம் அடிக்கவில்லை. அந்த மனுஷன் செய்ததும் அதுதான். ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

உன் அப்பாவின் கோபம் ஆட்டத்தைப் பற்றியது இல்லை என்று உனக்கும் தெரியும். கொடியில் காயும் விரிப்புகளுக்கு நடுவே உன்னை ஓடவிட்டு, பந்து விரிப்பில் படாமல் கடந்து வரப் பழக்கினவன் அவன். உன்னை முன்வரிசைக்கென்று வளர்த்தான். பதினேழு வயதில் தாழ்ப்பாள் உன்னைப் பின்வரிசைக்கு இழுத்தார். நீயும் தலையாட்டினாய். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து உன் அப்பா உன்னிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, ஊரிடம் பேசினான். ஒரு நாள் ஹாரன் எல்லோர் முன்னாலும், "உன் பையனைத் தாழ்ப்பாள் தத்து எடுத்துட்டாரு போல இருக்கே" என்றான். உன் அப்பா சிரித்தான். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருந்த சட்டைக் காலர் கருகுகிற வரை சிரித்தான்.

முதுகு காட்டுகிற யோசனை அவனுடையதுதான். ஹாரனுடையது என்று பிறகு சொன்னான், நம்பாதே. வியாழக்கிழமை கடையில் கூடினார்கள், நான் உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி தொடங்கியதும் பத்து நிமிடம் வடக்கு கேலரி மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது. உன் அப்பா இன்னொன்றும் சேர்த்தான். எதிர்க் கேலரிக்காரர்கள் நம்மைத் திரும்ப வைப்பதற்காகவே கோல் என்று கத்துவார்கள், என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது, திரும்புகிறவன் இனி இந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்றான். மருந்துக்கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தனியாக நிற்கப் பயந்து சரி என்றார். ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்துச் சிவப்பு வர்ணத்தில் எழுதினார்கள்: விளையாடக் கற்றுக்கொண்டால் சொல்லி அனுப்புங்கள், திரும்புகிறோம். அந்தக் கையெழுத்து யாருடையது என்று நீ மைதானத்திலிருந்தே கண்டுபிடித்திருப்பாய்.

உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். நியாயம்தான். இரண்டு நாள் யோசித்தேன், சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏழு ஆட்டமாக ஒன்றும் ஆகவில்லையே.

எல்லோரும் திரும்பினார்கள். என் முழங்கால் உனக்குத் தெரியும், என்னால் எழுந்து திரும்ப முடியாது, திரும்பவும் மாட்டேன். அந்தக் கேலரியில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம், கார்னர். தாழ்ப்பாள் உன்னை ஒருபோதும் முன்னால் அனுப்பமாட்டார், அன்றைக்குக் கையை அசைத்துப் போ என்றார். நீ ஓடி வந்தாய். உன்னைப் பிடிக்க வேண்டியவன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ எம்பினாய். பந்து உன் இடது நெற்றியில் பட்டு, கீழே குத்தி, உள்ளே போனது. உன் ஆயுசில் நீ போட்ட ஒரே கோல். மற்ற மூன்று கேலரியும் எழுந்து கத்தின. எங்கள் பக்கம் ஹாரன் கையைத் தூக்கி, "நடிக்கிறானுங்க, திரும்பாதீங்க" என்றான்.

நான் உன் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "டேய், உன் மகன் போட்டுட்டான்டா. திரும்புடா" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. இரண்டு வரிசைக்குக் கேட்டது.

அவன் என்ன சொன்னான் என்பதை நீ கேட்கவில்லை, நான் எழுதுகிறேன். "அவனா? அவன் போட்டா நம்ம கோல்லதான் போடுவான்" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கேலரியின் கடைசிப் படி வரை போனது.

அவன் நம்பவில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவனைப் பெற்றவள் நான். பொய்யும் மெய்யும் அவனுக்கு என் முகத்தில் தெரியும். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் நீ வேலி வரைக்கும் வந்துவிட்டாய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. உன் தங்கை திரும்பிப் பார்க்கப் போனாள். உன் அப்பா அவள் பிடரியைப் பிடித்து நேராக வைத்தான். அவள் அழுதாள். நீ நின்ற இடத்துக்கும் அவன் முதுகுக்கும் நடுவே இருபது அடி கூட இருக்காது.

திரும்பியது மருந்துக்கடைக்காரர். அவரும் அதே உயரம், அன்று அவரும் சாம்பல் கோட்டுதான். திரும்பினார், கை தட்டினார், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஹாரன் அவர் தொப்பியைப் பிடுங்கிக் கீழே எறிந்தான். உன் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் முடிந்த பிறகுதான் திரும்பினான். அப்போது நீ உன் இடத்துக்குப் போயிருந்தாய். மிச்ச நேரம் முழுக்க நீங்கள் பதினோரு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெயித்தீர்கள். வடக்கு கேலரி கடைசி வரை விசில் அடித்துக் கேலி செய்தது.

இதுதான் நீ கேட்டதற்குப் பதில். இல்லை. அது உன் அப்பா இல்லை.

மற்ற சேதி. தாழ்ப்பாள் வேறு டீமுக்குப் போய், நீயும் அவர் பின்னாலேயே போன பிறகு, இங்கே வந்த புதுப் பயிற்சியாளர் அழகாக ஆடவைத்தார். ஆறு ஆறாக வாங்கி, இப்போது இரண்டாம் பிரிவில் அழகாக ஆடிக்கொண்டிருக்கிறோம். ஹாரன் தாழ்ப்பாளை நினைத்து ஏங்குகிறான். அந்தப் பெயரை வைத்தது தான் இல்லவே இல்லை என்கிறான். எப்போது வைத்தான் என்று நான் தேதி கிழமையோடு சொன்னேன், எழுந்து போய்விட்டான். மருந்துக்கடைக்காரர் அன்றிலிருந்து நம் கடைக்கு வருவதில்லை, உன் அப்பா விடவில்லை. இப்போது உன் அப்பாவின் மருந்தெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வருகிறது. ஆள் மூலம் அனுப்புகிறார். உன் அப்பா வாங்கி விழுங்குகிறான், பேரைச் சொல்வதில்லை.

மருந்து என்றேன் அல்லவா. உன் அம்மா உனக்கு எழுதக் கூடாது என்றாள், நான் எழுதுகிறேன். உன் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையை அடியோடு எடுத்துவிடுவார்களாம். அடுத்த மாதம் பதினான்காம் தேதி. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் அதன் பிறகு பேச்சு கிடையாது. ஒரு கேலரியையே கத்த வைத்தவன், இப்போதே கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற மாதிரிதான் பேசுகிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்து உனக்குப் போன் அடிக்கிறான். மணி அடித்து ஓய்கிறது. அவன் போனைக் கவிழ்த்து வைக்கிறான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆறுதல் சொல்வதில்லை.

உன் கடிதத்தை அவன் படித்துவிட்டான். என் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறான். நேற்று என் காலருகே வந்து உட்கார்ந்து, "திரும்பினது நான்தான்னு எழுதும்மா. ஒரே ஒரு வரி" என்றான். ஐம்பத்தாறு வயது ஆள். நான் தாளும் பேனாவும் எடுத்து வைத்தேன். எழுதுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது இந்தத் தாளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு வரிக்கு இவ்வளவு தாளா என்று அவனுக்குச் சந்தேகம். உறையை நானே ஒட்டுவேன், நானே கொண்டுபோய்ப் போடுவேன்.

ஆகையால் நான் கேட்பது இது. இல்லை என்றால் போனை எடுக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். இல்லை என்றுதான் நானும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் எடு. பதினான்காம் தேதிக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அவன் உன்னிடம் பொய் சொல்வான். நான்தான் திரும்பினேன், கை தட்டினேன், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்பான். சொந்தக் குரலில் உன்னிடம் அவன் சொல்கிற கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். குறுக்கே பேசாதே, சொல்லி முடிக்கட்டும். சரிப்பா என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். முழங்காலைப் பார்த்துக்கொள். கோபத்தைச் சுமந்துகொண்டு ஓடினால் கால் எழாது. இந்த வீட்டில் மன்னிக்காமல் இருப்பதற்கு ஓர் ஆள் போதும், அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், நான் போகிற வரைக்கும் ஒழுங்காகப் பார்ப்பேன். ஹாரனை விட்டுவிட்டேன், அவன் வெளியாள். அந்த அறுநூறு பேரையும் விட்டுவிட்டேன். முன்னாலேயே உன்னிடம் வாயைத் திறக்காத என்னையும், அரை மனதாக, விட்டுவிட்டேன். விடாமல் வைத்திருப்பது ஒருவனைத்தான். என் மூத்த மகனை.

ஆசியுடன்,
பாட்டி